காலி பாட்டிலுக்குக் கிடைத்த மறுவாழ்வு

தமிழ்நாட்டில் காலி மது பாட்டிலுக்கு அரசாங்கம் ஒரு மறுவாழ்வுத் திட்டம் வைத்திருக்கிறது. மலையில் வீசப்படும் பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்ததில் 2022இல் நீலகிரியில் ஆரம்பித்தார்கள். வாங்கும்போது பத்து ரூபாய் சேர்த்துக் கொடு, குடித்து முடித்துப் பாட்டிலைத் திருப்பிக் கொடு, பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு போ. பிறகு எங்களுக்கு அடுத்த மாவட்டமான பெரம்பலூருக்கு வந்தது, கோவைக்குப் போனது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்டிக்கர், ஒவ்வொன்றுக்கும் கணக்கு, திரும்பி வராத பாட்டிலைப் பற்றி அதிகாரிகளுக்குக் கவலை. அந்தப் பாட்டிலைக் காலி செய்த ஆள் மீதும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அவரும் திரும்பி வராதவர்தான்.

எழுதுவது உப்பிலியபுரத்திலிருந்து. பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையில், சின்ன வெங்காயமும் மரவள்ளியும் விளைகிற பூமி. ஞாயிற்றுக்கிழமை புளியஞ்சோலைக்குக் குளிக்கப் போகிறவர்கள் எங்கள் பக்கம் வந்துதான் போக வேண்டும். திரும்பும்போது சிலரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு காலத்தில் எங்கள் ஊர் பேரிலேயே சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் அதுவும் போயிற்று. இப்போது துறையூர் தொகுதிக்குள் நாங்கள் ஒரு ஓரம். ஆகவே எங்கள் கோரிக்கை கோட்டைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். சரக்கு லாரி மட்டும் தாமதமாவதில்லை.

குடியை விடுவது என்று ஒருவர் நிஜமாகவே முடிவு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கும் கூலிக்காரர். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்தும்போது அடித்ததுதான் கடைசிக் கட்டிங். விடியற்காலையில் கை நடுங்கத் தொடங்கும். டீக்கடைக்காரருக்கு இது தெரியும். முழு டம்ளர் தர மாட்டார், அரை டம்ளராகத் தருவார், சிந்தினாலும் மேலே படாது. வியர்த்துக் கொட்டும், குமட்டும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் சுவரில் இல்லாத பூச்சி ஊரும், செத்துப்போன அப்பா வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலையோடு வருவார்கள். இதற்கு டாக்டர்களிடம் பேரும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது: நடுக்கத்தை அடக்கும் மாத்திரை, தயமின் ஊசி, ஒரு வாரம் பத்து நாள் படுக்கை, பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ். தங்க பஸ்பம் எதுவும் வேண்டியதில்லை. கவனிக்காமல் விட்டால் ஆள் போய்விடுவதும் உண்டு. குடித்துச் செத்தவர்களைப் பற்றித்தான் மேடைகளில் பேசுகிறார்கள். நிறுத்தப் பார்த்துச் செத்தவர்களும் இருக்கிறார்கள் என்பது எந்த மைக்குக்கும் எட்டவில்லை.

சரி, திருச்சி புத்தூரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறார். உப்பிலியபுரத்திலிருந்து துறையூர். துறையூரில் பஸ் மாறி புலிவலம், மண்ணச்சநல்லூர், நம்பர் ஒன் டோல்கேட், சத்திரம் பேருந்து நிலையம். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் புத்தூர். டவுன் பஸ் என்றால் அந்த அம்மாவுக்கு இலவசம், பெண்களுக்கான விடியல் பயணம். துறையூருக்கு அந்தப் பக்கம் புறநகர் பஸ்ஸில் இன்னும் விடியவில்லை, டிக்கெட் எடுக்க வேண்டும். வழியில் எத்தனை டாஸ்மாக் மதுக்கடை என்று யாரும் எண்ணித் தர வேண்டியதில்லை. ஜன்னலோரம் நடுங்கிக்கொண்டிருக்கிறவரே எண்ணிக்கொண்டு வருவார். கடை திறப்பது பகல் பன்னிரண்டுக்கு. அதற்குள் புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் நோயாளி. சேராவிட்டால் கஸ்டமர்.

தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் முறை வைத்து வருகிறாரே என்பீர்கள். வருகிறார். வலிப்புதான் முறை வைத்து வருவதில்லை.

இதையெல்லாம் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. யோசித்தார்கள், டெல்லியில் உட்கார்ந்து சட்டமே போட்டார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதையாலும் வருகிற கோளாறுகளை மனநோய் என்றே சேர்த்துக்கொண்டது. அதன் 18ஆவது பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: சிகிச்சை என்பது உரிமை, யாரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலையக் கூடாது, வீட்டுக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும், மாவட்டத்தில் அரசு ஏற்பாடு இல்லையென்றால் அங்கேயே வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம், செலவு அரசாங்கத்துடையது. எவ்வளவு அழகான வாசகம்! பெரிதாக எழுதிக் கண்ணாடி போட்டு துறையூர் பஸ் ஸ்டாண்டில் மாட்டலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். காசு ஒதுக்காத சட்டத்தால் வேறென்ன உபகாரம்?

சட்டம் வந்து இரண்டு வருஷம் கழித்து, 2019இல், டெல்லி எய்ம்ஸ் எடுத்த கணக்கெடுப்பு வெளிவந்தது. இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை எடுத்தவர் 180 பேருக்கு ஒருவர். மற்ற 179 பேர் எங்கே படுத்திருந்தார்கள் என்று அறிக்கையில் தேட வேண்டாம். சாயங்காலம் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து ரோட்டோரம் பார்த்தால் போதும்.

காசில்லையா? கஜானா காலியாக இருந்தால் இப்படி எழுத எனக்கே கை வராது. 2003இல் தனியாரிடமிருந்த சில்லறை மது வியாபாரத்தை அரசே எடுத்துக்கொண்டபோது ஆண்டு வருமானம் மூவாயிரத்துச் சொச்சம் கோடி. 2024-25இல் 48,000 கோடியைத் தாண்டிவிட்டது. இடையில் கடை மூடும் வைபவங்களும் குறைவில்லாமல் நடந்தன. 2016 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்றதும் 500 கடை, 2017இல் எடப்பாடி பழனிசாமி 500 கடை, 2023 ஜூன் 22 அன்று ஸ்டாலின் அரசு 500 கடை. ஒவ்வொரு தடவையும் மதுவிலக்கை நோக்கி ஓர் அடி என்று அறிவிப்பு. கடை குறையக் குறைய வருமானம் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தால், பூரண மதுவிலக்கு வருகிற அன்று தமிழ்நாடு உலகத்திலேயே பணக்கார மாநிலமாகிவிடும் போலிருக்கிறது.

2025 மார்ச் முடிவில் மிச்சமிருந்த கடைகள் 4,787. சிகிச்சைப் பக்கமும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய். அதே ஆண்டு பிப்ரவரி 27 அன்று ‘கலங்கரை’ என்ற பேரில் 25 போதை மீட்பு மறுவாழ்வு மையங்களை முதலமைச்சர் திறந்து வைத்தார். அங்கே வேலை பார்க்கிறவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் கூட்டல் கழித்தல் தெரிந்தவன் என்ன செய்ய முடியும்? மாவட்டம் 38, மையம் 25. ஒரு மையத்துக்கு 191 கடை. 191 வாசல் வழியாக அனுப்பிவிட்டு ஒரே வாசல் வழியாகத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

ஒரு பழைய கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைவிடப் பெரிய அங்கதத்தை நானோ நீங்களோ கற்பனை செய்ய முடியாது. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போய்விட்டதே, பள்ளத்தை எப்படி நிரப்புவது என்று 1939இல் பொது விற்பனை வரி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். நாட்டிலேயே முதல் தடவை. குடிக்காதவன்கூட அரிசிக்கும் துணிக்கும் வரி கொடுத்தான், அண்டை வீட்டுக்காரன் குடிக்காமல் இருக்கட்டும் என்று. 1971இல் கருணாநிதி மதுவிலக்கைத் தள்ளிவைத்தார். அப்புறம் வந்தது, எம்.ஜி.ஆர். காலத்தில் போனது, மறுபடி கொஞ்சம் வந்தது, கடைசியில் போயே போய்விட்டது. வரி போகவில்லை. பேர் மாறி வாட் ஆகி, இன்றைக்கு ஆயத்தீர்வையோடு சேர்ந்து சரக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மதுவை ஒழிக்கப் பிறந்த வரி மது விற்றுக் கொழுக்கிறது. இந்த வியாபாரத்தைக் கவனிக்கும் துறைக்கு இன்றும் பேர் மதுவிலக்குத் துறை.

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாராவது கேட்டார்களா? கேட்கத்தான் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. பிறகு இன்னும் இரண்டு நாள் சேர்த்திருக்கிறார்கள். முதலில் சொன்ன நாலு நாளும் டாஸ்மாக்குக்கு விடுமுறை. கடை வேண்டாம் என்று தீர்மானம் போட வருகிறவர்கள் நிதானமாக வரட்டும் என்று அரசாங்கத்துக்கு எத்தனை கரிசனம் பாருங்கள். (முந்தின நாளே வாங்கிப் பதுக்கிக்கொள்வது ஊரறிந்த வழக்கம், அதை விடுங்கள்.) பெண்கள் எழுந்து கேட்கிறார்கள், தீர்மானம் எழுதுகிறார்கள், கையெழுத்து, கைநாட்டு, எல்லாம் ஆகிறது. தீர்மானம் போட்டால் கடையை மூடியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இங்கே கிடையாது. 2003இல் வந்த சில்லறை விற்பனை விதிகளில் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இத்தனை மீட்டர் என்று அளவு இருக்கிறது: நகரத்தில் 50, மற்ற இடங்களில் 100. பெண்களுக்கு எத்தனை மீட்டர் என்று யாரும் எழுதவில்லை. அதிலும் உப்பிலியபுரத்துக்குக் கூடுதல் அதிர்ஷ்டம். நாங்கள் பேரூராட்சி, கிராமசபையே எங்களுக்குக் கிடையாது. செல்லாத தீர்மானத்தைப் போடும் உரிமைகூட சோபனபுரத்துக்கு உண்டு, எங்களுக்கு இல்லை. 2022இலிருந்து நகரப்பக்கத்துக்கு ‘பகுதி சபை’ என்று ஒன்று வந்திருக்கிறது. அதில் சாக்கடை அடைப்பு வரைக்கும் பேசலாம்.

மகாராஷ்டிரத்தில் கதை வேறு. 2008இல் போட்ட ஆணைப்படி ஊர்ப் பெண் வாக்காளர்களில் நூற்றுக்கு 25 பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அரசு ரகசிய வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். சீட்டில் இரண்டே படம்: ஒன்று நிற்கிற பாட்டில், இன்னொன்று படுத்த பாட்டில். பாதிக்கு மேல் ஓட்டு படுத்த பாட்டிலுக்கு விழுந்தால் கடைக்குப் பூட்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட பாட்டிலைப் படுக்கவைக்கலாம். இங்கே தேர்தல் சின்னங்களில் மிக்ஸியிலிருந்து ஆட்டோ ரிக்‌ஷா வரை இருக்கிறது. படுத்த பாட்டில் மட்டும் இல்லை. வைத்தால் என்ன ஆகும் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

ஓட்டுப் போட்டு ஜெயித்துவிட்டாலும் வேலை முடிவதில்லை என்பதற்கு அமெரிக்காவையே பார்க்கலாம். கலிபோர்னியாவில் 2024 நவம்பரில் முன்மொழிவு 36 என்று ஒன்றை மக்கள் வாக்குக்கு விட்டார்கள். திரும்பத் திரும்பக் கடையில் திருடினால் தண்டனை கூடும். போதைப்பொருளோடு மூன்றாம் தடவை பிடிபட்டால் சிகிச்சையை முடித்துவிட்டு வழக்கிலிருந்து வெளியே வா, இல்லையென்றால் சிறை. நூற்றுக்கு 68 பேர் சரி என்றார்கள். ஆளுநர் கேவின் நியூசமுக்கு இது பிடிக்கவில்லை. (அங்கே ஆளுநர் என்றால் ஓட்டு வாங்கி வருகிறவர், நம் ஊர் ஞாபகத்தில் படிக்க வேண்டாம்.) 2025 ஜனவரியில் அவர் கொடுத்த பட்ஜெட்டில் இந்தச் சட்டத்துக்கென்று தனியாக ஒரு டாலர் இல்லை. ஷெரீஃபுகள், அரசு வக்கீல்கள், இரண்டு கட்சி உறுப்பினர்கள் என்று எல்லாரும் சேர்ந்து நெருக்கியதில் ஜூனில் பத்துக் கோடி டாலர் வந்தது, அதுவும் அந்த ஒரு தடவைக்கு மட்டும். சட்டத்தை எதிர்த்துப் பேசினால் தோற்றுப்போகலாம். காசைப் பிடித்துக்கொண்டால் போதும். உலகத்து ஆட்சியாளர்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். ஒரே வித்தியாசம், அங்கே ஷெரீஃப் வந்து சிகிச்சைக்குப் பணம் எங்கே என்று கத்துகிறார். இங்கே கத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் திருச்சியே சாட்சி.

2015 அக்டோபர் 30. டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாட்டுக் கட்டிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவனைத் திருச்சியில் நள்ளிரவுக்குப் பிறகு வீடு புகுந்து கைது செய்தார்கள். வழக்கு என்ன? தேசத் துரோகம். ஆறு மாதம் முடிவதற்குள் அதே அரசின் முதலமைச்சர் ஜெயலலிதா தேர்தல் மேடையில், படிப்படியாக மதுவிலக்கு, குடிநோயாளிகளுக்கு மறுவாழ்வு மையம் என்று வாக்குக் கொடுத்தார். பறை அடித்துப் பாடினால் துரோகம், அறிக்கையில் அச்சடித்தால் லட்சியம். கோவன் கைதுக்கு மூன்று மாதம் முன்னால்தான், ஜூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறி நின்று காந்தியவாதி சசிபெருமாள் செத்துப்போனார். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னபோது, கடையை நகர்த்துவதைவிட நெடுஞ்சாலையின் பேரை மாற்றுவது சுலபம் என்று முயன்று பார்த்த மூளைகளும் இதே கோட்டையில்தான் இருந்தன.

அடுத்து வந்தவர்கள் மட்டும் சளைத்தவர்களா? 2023இல் மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி, காலையில் குடிக்கிறவர்களைக் குடிகாரர்கள் என்று சொல்வதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்றார். பாதி நியாயம். சாக்கடைக்குள் இறங்குகிறவரையும் மூட்டை தூக்குகிறவரையும் ஏசுவதில் எனக்கும் சம்மதமில்லை. ஆனால் கண் விழித்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்பது நோய் முற்றியதற்கு அடையாளம் என்று எந்த டாக்டரும் சொல்வார். அமைச்சர் அந்த ஆளின் பேரை மாற்றச் சொன்னார். டாக்டரை அனுப்பச் சொல்லவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தெரு முழுக்க ஷாமியானா, வரிசையாகப் பாடை. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம். அந்த மாதமே சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் சாராயம் விற்றவனுக்கு ஆயுள் தண்டனை என்றார்கள். அந்தத் திருத்தத்தைப் பற்றிய பேச்சில்தான் மூத்த அமைச்சர் துரைமுருகன், உழைத்துக் களைத்தவனுக்கு அரசுச் சரக்கின் கிக் போதவில்லை, அதனால் சாராயத்தைத் தேடிப் போகிறான் என்ற மாதிரி விளக்கம் தந்தார். சட்டமன்றத்தில் தரக் கட்டுப்பாடு! கள்ளச் சாராயத்தில் ஒரே ராத்திரியில் செத்தால் பத்து லட்சம். அரசு முத்திரை குத்திய பாட்டிலில் இருபது வருஷம் தவறாமல் வரி கட்டி, வயிறு வீங்கி, மஞ்சள் பூத்துச் செத்தால் என்ன தருவீர்கள்? நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று போர்டு வைத்திருந்தோமே என்பீர்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தினார்கள். மதுக்கடை நடத்திய அன்றைய ஆளுங்கட்சியிலிருந்தும் பெரியவர்கள் இருவர் வந்து மேடையேறினார்கள். கோரிக்கை வைக்கிறவரும் கோரிக்கை கேட்கிறவரும் ஒரே சோபாவில். இப்படி ஒரு காட்சி கிடைத்தால் தெருக்கூத்துக் கட்டியங்காரன் அன்றைக்கு வாயே திறக்க வேண்டாம், சும்மா நின்றாலே கூட்டம் சிரிக்கும்.

நாளைக்கே கடைகளை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மூடினால் சந்துக்கடை வரும், கருணாபுரம் வரும் என்று நீங்கள் பயமுறுத்துவீர்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. நான் கேட்பது நூற்றுக்கு ஒன்று. 48,000 கோடியில் ஒரு பங்கு 480 கோடி. மாவட்டத்துக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேல் வரும். துறையூரில் பத்துப் படுக்கை, அதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டுப்பாடில்லாமல் மாத்திரை. வீட்டுக்கு அனுப்பிய பிறகு முதல் மூன்று மாதம் போன் போட்டு, “என்னண்ணே, எப்படி இருக்கீங்க” என்று கேட்க ஒரு ஆள். திரும்ப விழுவது அந்த மூன்று மாதத்தில்தான் அதிகம். வானத்தை வில்லாய் வளைக்கிற வேலை எதுவும் இதில் இல்லை. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இலேயே சென்னையில் ஒரு சிகிச்சை மையம் நிறுவி, குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துக் குணப்படுத்தலாம் என்று காட்டிவிட்டார். பத்மஸ்ரீ கொடுத்துக் கௌரவித்தார்கள். காப்பியடிக்கத்தான் இல்லை.

குடிக்கிறவர் இதற்கு மாட்டேன் என்று சொல்வாரோ என்று கவலைப்பட வேண்டாம். எம்.ஆர்.பி.க்கு மேல் பத்து ரூபாய் கேட்டாலும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துப் பழகிய ஜனம். ரசீது கேட்டு அடி வாங்கியவர்களும் உண்டு. அவர் கொடுத்த நூறு ரூபாயில் ஒரு ரூபாயை அவருடைய ஈரலுக்கே செலவு செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான். இலவசம் என்று இதைக் கேலி பேச எந்தப் பொருளாதார மேதைக்கும் வாய் இல்லை.

பட்ஜெட் புத்தகத்தில் மதுவிலக்கு, ஆயத்தீர்வைக்கான மானியக் கோரிக்கை எண் 37. மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு எண் 19. பணம் வருவது 37இல், பிணம் வருவது 19இல். எங்கள் துறையூர் உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, 37ஆம் கோரிக்கை அவைக்கு வருகிற அன்று எழுந்து நின்று ஒரே கேள்வி கேட்க வேண்டும்: “இதிலிருந்து 19க்கு எவ்வளவு?” அமைச்சர் விழிப்புணர்வுப் பேரணிகளைப் பற்றிப் படிப்பார். குறும்படப் போட்டி, கல்லூரி மாணவர் உறுதிமொழி, மனிதச் சங்கிலி எல்லாம் வரும். மேசையைத் தட்டுவார்கள். நீங்கள் உட்கார வேண்டாம். அவைக்குறிப்பிலிருந்து நீக்கினால் நீக்கட்டும். தொகையை ரூபாயில் சொல்லும் வரைக்கும் நின்றுகொண்டே இருங்கள்.